வெந்நீர்க் குண்டானுக்குத் தகட்டுச் சட்டை

திருவள்ளூர் மாவட்டத்தில் கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் விடியற்காலையிலேயே கொல்லைப்புறத்து அடுப்பு புகையத் தொடங்கிவிடுகிறது. மாட்டின் மடி கழுவ, பால் பாத்திரம் அலச, கன்றுக்குக் கஞ்சி காய்ச்ச, வீட்டார் குளிக்க என்று எல்லாவற்றுக்கும் வெந்நீர் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டு போகிறவர் வீட்டில் இருந்தால் அவருக்கு முதலில் ஒரு குண்டான் காய வேண்டும். சமையலுக்குக் கேஸ் அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலும், வெந்நீர் மட்டும் பெரும்பாலும் விறகில்தான் காய்கிறது. சிலிண்டரை வெந்நீருக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்த வெந்நீர் காயும் பாத்திரம் பெரும்பாலும் மெல்லிய அலுமினியக் குண்டான் அல்லது டேக்சா. கிராமத்தில் ஈயப் பாத்திரம் என்று சொல்வதும் இதைத்தான். விலை குறைவு, தூக்க எளிது. ஆனால் அடியில் எரியும் விறகின் வெப்பத்தில் மிகச் சிறு பங்குதான் இந்தப் பாத்திரத்துத் தண்ணீரைச் சென்று சேர்கிறது. கையில் உள்ள இதே பாத்திரத்தைக் கொண்டு அந்தப் பங்கை உயர்த்த முடியும். அதற்குத் தேவைப்படுவது ஒரு துண்டு இரும்புத் தகடும் அரை நாள் வேலையும்.

விறகுக் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் தேவை. கிணற்றுத் தண்ணீர் 28 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 20 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 1,440 கிலோ கலோரி போதும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி தரும். அப்படியானால் அரைக் கிலோ விறகுக்கும் குறைவாகவே செலவாக வேண்டும். எந்த வீட்டிலாவது அரைக் கிலோ விறகில் 20 லிட்டர் தண்ணீர் கொதித்ததுண்டா?

மூன்று கல் அடுப்பின் திறன் பொதுவாக 10 முதல் 15 சதம் வரைதான். 12 சதம் என்று கொண்டால், இந்த 20 லிட்டருக்கு ஏறத்தாழ 3.4 கிலோ விறகு எரிகிறது. அதாவது எட்டுச் சுள்ளி எரித்தால் ஒன்றுதான் தண்ணீருக்கு. மற்ற ஏழும் காற்றுக்கு. அந்த ஏழு சுள்ளியையும் வேலிக்காத்தான் முள்ளில் கை கிழித்துக்கொண்டு வெட்டிச் சுமந்து வந்தவர், பெரும்பாலும் அதே அடுப்பின் முன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகிற தாய்தான்.

வெப்பம் எங்கே தடைப்படுகிறது?

பாத்திரத்தின் உலோகத்தை மாற்றினால் தண்ணீர் சீக்கிரம் காயும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. செம்பு நல்லது, அலுமினியம் அதற்கடுத்தது, எவர்சில்வர் மட்டம் என்று கடைக்காரரும் சொல்வார். மெல்லிய பாத்திரங்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை.

நெருப்பிலிருந்து தண்ணீருக்குப் போகும் வெப்பம் மூன்று இடங்களைக் கடக்க வேண்டும். முதலாவது, சூடான புகைக்காற்றிலிருந்து பாத்திரத்தின் வெளிப்புறத்துக்கு. இரண்டாவது, உலோகத்தின் கனத்தின் ஊடாக. மூன்றாவது, உலோகத்திலிருந்து தண்ணீருக்கு. இவற்றில் உலோகம் தரும் தடை மிகமிகச் சிறியது. 2 மில்லி மீட்டர் கனமுள்ள அலுமினியம் தரும் தடை, புகைக்காற்றுப் பக்கத்தில் உள்ள தடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. தண்ணீரும் வெப்பத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும். தடை முழுவதும் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. பாத்திரத்தை ஒட்டி, அசையாத ஒரு மெல்லிய காற்றுப் போர்வை படிந்திருக்கிறது. தீநாக்கு எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்தப் போர்வையைத் தாண்டித்தான் வெப்பம் உள்ளே வர வேண்டும்.

ஆகவே மாற்றம் செய்ய வேண்டிய இடம் பாத்திரத்தின் வெளிப்புறம். அங்கே இரண்டு வழிகள் உண்டு. வெப்பத்தை வாங்கும் பரப்பைக் கூட்டலாம். அல்லது புகைக்காற்று பாத்திரத்தை உரசிக்கொண்டு வேகமாகப் போகும்படி செய்து அந்தப் போர்வையை மெலியச் செய்யலாம்.

மலையேறுவோர் பாத்திரமும் நம் ஊர் பாய்லரும்

முதல் வழியை மேல்நாடுகளில் மலையேறுவோருக்கான பாத்திரங்களில் காணலாம். முதுகில் சுமந்து செல்லும் எரிவாயுவின் எடையைக் குறைப்பதற்காக, இலேசான அலுமினியப் பாத்திரத்தின் அடியில் விசிறி மடிப்பு போன்ற தகட்டு வளையம் ஒன்றைப் பற்றவைத்து விற்கிறார்கள். தீநாக்கு அந்த மடிப்புகளின் ஊடே புகுந்து வெளியேறுகிறது. பாத்திரத்தின் அளவு கூடாமல் வெப்பம் வாங்கும் பரப்பு மட்டும் கூடிவிடுகிறது.

இதே எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. பழைய வீடுகளின் குளியலறையில் இருந்த செப்பு வெந்நீர் பாய்லரை நினைவுகூரலாம். நடுவில் ஒரு குழாய். அதன் அடியில் தணல் தட்டு. குழாயைச் சுற்றிலும் தண்ணீர். கொட்டாங்கச்சியும் சவுக்குக் காயும் போட்டாலே போதும். புகைக்காற்று தண்ணீரின் நடுவே ஏறிப் போவதால், அது எப்பக்கம் திரும்பினாலும் தண்ணீர்ச் சுவரையே தொட வேண்டும். மேலே உள்ள வாயில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வந்துவிழும் அமைப்பும் சிலவற்றில் உண்டு. ரஷ்யாவின் சமோவாரும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். செம்பின் விலைக்கு ஆசைப்பட்டுப் பழைய பாத்திரக் கடையில் இந்தப் பாய்லரைப் போட்டுவிட்டு, மறுநாள் அதே தண்ணீரைத் திறந்த அடுப்பில் காய்ச்சிய குடும்பங்கள் பல. வீட்டில் ஒன்று மூலையில் கிடந்தால் அதை விற்க வேண்டாம். நடுக் குழாயில் படிந்த கரியைச் சுரண்டிவிட்டு, தணல் தட்டின் துளைகளைத் திறந்துவிட்டால் மீண்டும் வேலை செய்யும். மூக்கையும் மேல் வாயையும் ஒருசேர அடைத்துவைப்பது மட்டும் கூடாது. நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் பாய்லர் வெடிக்கும்.

மடிப்புத் தகட்டை நம் ஊர்க் குண்டானில் பற்றவைக்கலாமா என்ற கேள்வி எழும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறைகள் இருப்பதால் இதை முயன்று பார்க்கத் தோன்றும். இதில் இரண்டு தொல்லைகள் உள்ளன. மெல்லிய குண்டான் வெல்டிங்கில் ஓட்டை விழுந்துவிடும். தப்பித்தவறிப் பற்றினாலும், மடிப்புகளின் இடுக்குகள் விறகுப் புகையின் கரியால் சில நாளில் அடைபட்டுவிடும். கரியில்லாத கேஸ் தீக்குத்தான் அந்த அமைப்பு பொருந்தும். விறகுக்கு ஏற்றது இரண்டாவது வழி. பாத்திரத்தில் கை வைக்க வேண்டாம். அதைச் சுற்றி ஒரு சட்டை போட்டால் போதும்.

இரண்டு மில்லி மீட்டர் செய்யும் வேலை

சாதாரண அடுப்பில் தீநாக்கு பாத்திரத்தின் அடியைத் தொட்டவுடன் விலகி மேலே ஓடிவிடுகிறது. பக்கச் சுவர் சும்மா நிற்கிறது. பாத்திரத்தைச் சுற்றி நெருக்கமாக ஒரு தகட்டு உருளையை நிறுத்தினால், புகைக்காற்று அந்தக் குறுகிய சந்தின் வழியாக, பக்கச் சுவரை உரசிக்கொண்டுதான் வெளியேற முடியும்.

இந்தச் சந்தின் அகலம்தான் உயிர்நாடி. அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் பால்ட்வின் விறகடுப்புகளைப் பற்றி 1987இல் வெளியிட்ட நூலில் இதற்கான கணக்கைக் காட்டியிருக்கிறார். 10 சென்டி மீட்டர் உயரமுள்ள சந்தின் அகலம் 8 மில்லி மீட்டராக இருந்தால், அதன் வழியே போகும் புகைக்காற்றின் வெப்பத்தில் 46 சதம் பாத்திரத்துக்குக் கிடைக்கும். அகலம் 10 மில்லி மீட்டரானால் 26 சதம்தான். இரண்டே மில்லி மீட்டர் தளர்ந்ததும் பயன் பாதியாகிவிடுகிறது. வாய் அகன்ற பழைய டிரம்மை வெட்டிக் குண்டானைச் சுற்றி வைத்துவிட்டு, பயனில்லை என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

விறகடுப்பு ஆராய்ச்சி நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950களில் புகையில்லா அடுப்பை உருவாக்கினார். 1983இல் மத்திய அரசு தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. கிராமங்களில் போடப்பட்ட மண் அடுப்புகள் பல, சில ஆண்டுகளில் உடைந்தும் புகைபோக்கி அடைபட்டும் போயின. பேச்செல்லாம் அடுப்பைப் பற்றியே இருந்தது. அதன் மேல் உட்காரும் பாத்திரம் உரிய கவனம் பெறவில்லை. ஆனால் நம் பாட்டிமார்கள் பாத்திரத்தை மறக்கவில்லை. கொடியடுப்பின் இரண்டாவது கண்ணில் வெந்நீர்த் தவலையை உட்கார்த்திவைத்து, சோறு வேகும் தீயின் மிச்சத்திலேயே குளிக்கத் தண்ணீர் காய்ச்சினார்கள்.

சட்டை தைக்கும் முறை

பக்கம் நேராக உள்ள டேக்சாவே இதற்கு ஏற்றது. வயிறு பருத்த குண்டானானால் சந்து ஓரிடத்தில் குறுகியும் மற்ற இடங்களில் அகன்றும் போவதால் பயன் குறையும்.

அளவெடுக்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு சணல் கயிற்றால் பாத்திரத்தின் சுற்றளவை அளந்துகொள்ள வேண்டும். அதனுடன் 5 சென்டி மீட்டர் கூட்டினால் சட்டையின் உட்சுற்றளவு கிடைத்துவிடும். பாத்திரம் சிறிதோ பெரிதோ, சுற்றளவில் 5 சென்டி மீட்டர் கூட்டினால் சுற்றிலும் 8 மில்லி மீட்டர் சந்து தானாகவே வரும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ரிவிட் அடிக்க இன்னும் 2 சென்டி மீட்டர் தகடு விட வேண்டும். உதாரணமாக 28 சென்டி மீட்டர் விட்டமுள்ள டேக்சாவின் சுற்றளவு 88 சென்டி மீட்டர். அதற்கு வெட்ட வேண்டிய தகட்டின் நீளம் 95 சென்டி மீட்டர். உயரம், பாத்திரத்தின் உயரத்தில் முக்கால் பங்கு இருக்கலாம். பாத்திரத்தின் விளிம்புக்குக் கீழே புகை வெளியேற இரண்டு விரல் இடம் கட்டாயம் வேண்டும்.

சந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விலகினால், புகைக்காற்று முழுவதும் விலகிய பக்கமே ஓடிவிடும். இதற்கு எளிய உபாயம் உண்டு. கட்டட வேலையில் மிஞ்சும் 8 மில்லி மீட்டர் முறுக்குக் கம்பியில் மூன்று துண்டுகள் வெட்டி, சட்டையின் உட்புறத்தில் சம இடைவெளியில் நெட்டுக்குத்தாகப் பற்றவைக்க வேண்டும். பாத்திரம் அந்த மூன்று கம்பிகளுக்கு நடுவே தானாகவே மையத்தில் இறங்கும். கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளில் இந்தக் கம்பி உருண்டு வருவதால் அங்கே துண்டுக்குப் பஞ்சமில்லை.

மண் அடுப்பானால் பாத்திரம் குமிழ்களின் மேல் அமரும். சட்டை அடுப்பின் மேல்தளத்தில் நிற்கும். சட்டையின் அடிவிளிம்பைச் சுற்றிக் களிமண் பூசி இடுக்கை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெப்பம் கீழேயே கசிந்துவிடும். செங்கல் அடுப்பானால், கம்பித் துண்டுகளைக் கீழ்ப்பக்கம் ‘ட’ வடிவில் உள்நோக்கி வளைத்துவிட்டால் பாத்திரம் அந்த வளைவுகளின் மேலேயே உட்காரும்.

சட்டை போட்ட முதல் நாள் அடுப்பு வாய் வழியாகப் புகை திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் தீக்குச் சந்து போதவில்லை என்று பொருள். விறகைக் குறைத்துப் பார்க்கலாம். அப்படியும் திரும்பினால் ரிவிட்டைக் கழற்றிச் சுற்றளவை 2 சென்டி மீட்டர் தளர்த்தி, கம்பிகளின் மேல் சிறு தகடு கொடுத்து மீண்டும் அடிக்கலாம். பெரிய தீ எரியும் அண்டாவுக்கு 8 மில்லி மீட்டர் போதாது. இப்படித் தளர்த்தத்தான் வேண்டியிருக்கும்.

சட்டையால் மட்டும் விறகு பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒழுங்காகச் செய்த சட்டையால் சுமார் கால் பங்கு விறகு மிச்சமாகும். மேலே சொன்ன 20 லிட்டர் கணக்கில் அது நாளைக்கு 850 கிராம். ஆண்டுக்கு 300 கிலோவுக்குக் குறையாது.

மூடியை மறந்தால் வீண்

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போக 540 கிலோ கலோரி வேண்டும். அதே வெப்பத்தில் ஏழரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். திறந்த குண்டானில் தளதளவென்று கொதிக்கவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும் வீட்டில் விறகு எங்கே போகிறது என்று தேட வேண்டியதில்லை. தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூடினாலே போதும். குளிப்பதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. 60 டிகிரி வந்ததும் இறக்கி விளாவிக்கொள்ளலாம்.

மற்றொரு சிக்கனமும் உண்டு. முதல் நாள் பகலில், வெளிப்புறம் கரியேறிய மூடிய பாத்திரத்தில் தண்ணீரை வெயிலில் வைத்து, மாலையில் சாக்குப் போட்டு மூடிவைக்கலாம். 28 டிகிரித் தண்ணீர் 45 டிகிரியில் அடுப்பேறினால், கொதிக்கவைக்கும் விறகில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறையும். மாலை நேரத்து வெந்நீருக்கு இது மிகவும் பொருந்தும்.

வெளிப்புறக் கரியைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய கருமையைத் தினமும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. ஆனால் விரல் வைத்தால் உதிரும் அளவுக்குத் தடித்த கரி வெப்பத்தைத் தடுக்கும், சந்தையும் அடைக்கும். வாரம் ஒருமுறை சுரண்டிவிட வேண்டும்.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்தில் கடல்நீர் ஏறிய கிணறுகள் உண்டு. அந்த உப்புத் தண்ணீரை அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுவதும் தேக்கிவைத்தால் ஊசித் துளைகள் விழும். வேலை முடிந்ததும் கவிழ்த்துவைப்பது நல்லது. சலவைச் சோடாவும் அலுமினியத்தை அரிக்கும். பால் பாத்திரம் அலசச் சோடா கரைப்பதானால் எவர்சில்வர் வாளியில் கரைக்க வேண்டும்.

தொழிற்பேட்டைப் பகுதியில் எச்சரிக்கை

தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் பழைய டிரம்களும் மரப் பெட்டிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. சட்டைக்கு வேண்டிய தகட்டை இரசாயனம் இருந்த டிரம்மிலிருந்து வெட்டக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் மடிப்புகளில் எச்சம் தங்கியிருக்கும். வெட்டும்போதே தீப்பிடித்து வெடித்துவிடலாம். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். நெருப்பில் அந்தப் பூச்சு எரிந்து எழும் புகை காய்ச்சலையும் நெஞ்செரிச்சலையும் தரும். பூச்சில்லாத சாதாரண இரும்புத் தகடோ, சமையல் எண்ணெய் டின்னோ போதுமானது.

விறகுக்காக வாங்கும் சரக்குப் பலகைகளில் ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் அந்த மரம் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் மூட்டம் போடப்பட்டது. அதை அடுப்பில் வைக்கக் கூடாது. பெயின்ட் பூசியது, எண்ணெயோ இரசாயனமோ ஊறியது, பிளைவுட் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். தீ மூட்டுவதற்காகப் பிளாஸ்டிக் பையையும் ரப்பர் துண்டையும் போடும் பழக்கம் மிகவும் கெட்டது. அந்தப் புகையைப் பக்கத்தில் படுத்திருக்கும் கைக்குழந்தையும் சுவாசிக்கிறது.

வெளி மாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகளில், 5 கிலோ சிலிண்டரின் தலையிலேயே பர்னர் பொருத்திய சிறிய அடுப்புகள் புழங்குகின்றன. அவற்றில் எக்காரணம் கொண்டும் இந்தத் தகட்டுச் சட்டையைப் போடக் கூடாது. வெப்பம் கீழே திரும்பி சிலிண்டர் சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறும், விபரீதம் நேரும். வீட்டுக் கேஸ் அடுப்பிலும் சட்டை வேண்டாம். காற்றோட்டம் தடைப்பட்டால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். கேஸில் சிக்கனம் வேண்டுவோர் அடி அகன்ற பாத்திரத்தை மூடியுடன் வைத்து, தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டாமல் எரித்தால் போதும்.

வெறும் பாத்திரத்தைச் சட்டைக்குள் வைத்துத் தீ மூட்டுவதும் ஆபத்து. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். விறகின் தீநாக்கு அதைவிடச் சூடானது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. வற்றிவிட்டால் சில நிமிடங்களில் அடி கழன்றுவிடும்.

வீட்டிலேயே சோதனை

சட்டையின் பயனை அவரவரே அளந்து பார்க்கலாம். தராசில் 3 கிலோ விறகு நிறுத்து எடுத்துக்கொண்டு, 10 லிட்டர் தண்ணீரைச் சட்டையில்லாமல் மூடியுடன் கொதிக்கவிட வேண்டும். கொதித்தவுடன் தீயை அணைத்து, மிஞ்சிய விறகையும் கரியையும் நிறுத்துக் கழித்தால் செலவு தெரியும். மறுநாள் அதே நேரத்தில், அதே விறகுக் கட்டிலிருந்து எடுத்து, சட்டையுடன் செய்ய வேண்டும். காற்றும் ஈரமும் நாளுக்கு நாள் மாறுவதால் ஒரு நாள் கணக்கை நம்பிவிடக் கூடாது. மூன்று தடவை செய்து சராசரி பார்க்க வேண்டும். சட்டையுடன் செலவு குறையாவிட்டால் முதலில் சந்தை அளந்து பார்க்க வேண்டும். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

விறகு ஈரமாக இருந்தால் இந்தச் சோதனையே பொய்த்துவிடும். அன்று வெட்டிய சவுக்கில் பாதி எடை தண்ணீராகவே இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பே விறகைப் பிளந்து, தரையில் படாமல் கற்களின் மேல் அடுக்கி, மேலே கூரை போட வேண்டும். கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்த விறகு சட்டையுள்ள அடுப்பில் சீராக எரியும். பெருங்கட்டையைத் திணித்தால் புகைதான் மிஞ்சும்.

இரும்புத் தகடு நாளடைவில் நெருப்பில் அரித்துப்போகும். கீழ் விளிம்பில்தான் முதலில் ஓட்டை விழும். கம்பிகளை வளைக்காமல் நேராக வைத்திருந்தால், சட்டையைத் தலைகீழாகத் திருப்பி, ஓட்டை விழுந்த விளிம்பு மேலே வரும்படி வைத்து இன்னும் சில காலம் ஓட்டலாம்.